எந்த மொழியின் முதல் படம்? தென்திருவிதாங்கூரும் மௌனப்பட வரலாறும்

மலையாள சினிமாவின் தொடக்கத்தை எழுதுகிறவர்கள் திருவனந்தபுரத்தில் ஆரம்பிக்கிறார்கள். தமிழ் சினிமாவின் தொடக்கத்தை எழுதுகிறவர்கள் சென்னையில் ஆரம்பிக்கிறார்கள். நாகர்கோவில் இரண்டு வரலாறுகளிலும் அடிக்குறிப்பாகவே வந்துபோகிறது. ஆனால் ஆட்களை ஒவ்வொருவராக எடுத்துப் பாருங்கள். மலையாளத்தின் முதல் மௌனப்படமான ‘விகதகுமாரன்’ எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்தில் வேர்கொண்டவர். இரண்டாவது மௌனப்படமான ‘மார்த்தாண்ட வர்மா’வைத் தயாரித்த ஆர். சுந்தர்ராஜ் நாகர்கோவில்காரர், டேனியலுக்கு உறவினர். முதல் பேசும் படமான ‘பாலன்’ உருவாக முதல் காரணமாக இருந்த ஏ. சுந்தரமும் நாகர்கோவில்காரர். முதல் நாயகி பி.கே. ரோசி தன் மீதி வாழ்நாளைக் கழித்தது இதே ஊரில். ஒரு மொழியின் சினிமா பிறந்த கதையில் இத்தனை பேர் ஒரே வட்டாரத்திலிருந்து வருகிறார்கள் என்றால், அந்த வட்டாரத்தை அடிக்குறிப்பில் வைத்துவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

மொழிவாரி மாநிலங்கள் பிறப்பதற்கு முன் நடந்தவற்றை மொழிவாரி மாநிலங்களின் கண்ணால் பார்ப்பதுதான் இங்கே அடிப்படைச் சிக்கல். 1956 நவம்பர் 1ஆம் தேதி தென்திருவிதாங்கூரின் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முன் நாஞ்சில் நாட்டுக்காரருக்குத் தலைநகர் திருவனந்தபுரம். மேல்படிப்பு, அரசு வேலை, வழக்கு என எல்லாவற்றுக்கும் வடக்கே போனார்கள். நாடகத்துக்கும் வியாபாரத்துக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலி, மதுரை, சென்னை என்று போனார்கள். வீட்டில் தமிழ், கச்சேரியில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் புழங்கியவர்களுக்கு மௌனப்படம் எந்த மொழியைச் சேர்ந்தது என்ற கேள்வியே எழுந்திருக்காது.

டேனியலின் பிறப்பிலிருந்தே தகவல்கள் முரண்படுகின்றன. 1900 நவம்பர் 28 என்று ஒரு கணக்கு. 1893 என்று இன்னொன்று. நெய்யாற்றின்கரையில் பிறந்தார் என்று சிலர், அகஸ்தீஸ்வரத்தில் என்று சிலர். ‘இந்தியன் ஆர்ட் ஆஃப் ஃபென்சிங் அண்ட் சுவார்ட் பிளே’ என்ற அவருடைய ஆங்கில நூல் 1915இல் வெளிவந்தது. 1900 சரியென்றால் பதினைந்து வயதுப் பையன் வாட்போர் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு 1893தான் பொருந்துகிறது. குடும்பம் வசதியான கிறிஸ்தவ நாடார் குடும்பம், தந்தை மருத்துவர். அடிமுறையும் வர்மமும் சிலம்பமும் ஊருக்கு ஊர் ஆசான்மார் சொல்லிக்கொடுத்த தென்திருவிதாங்கூரில் வளர்ந்தவருக்குத் தற்காப்புக் கலையில் பித்து இருந்ததில் ஆச்சரியமில்லை. அந்தக் கலையை வெளியுலகுக்குக் காட்ட வழி தேடித்தான் அவர் சினிமாவுக்கு வந்தார். சென்னையில் போய்ப் பார்த்தார், சரிப்படவில்லை. பம்பாய்க்குப் போய், சினிமா பற்றிப் பாடம் நடத்த விரும்பும் ஆசிரியர் என்று சொல்லி ஸ்டுடியோக்களுக்குள் நுழைந்து தொழிலைக் கற்றார் என்கிறார்கள்.

திரும்பி வந்து 1926இல் திருவனந்தபுரம் பட்டத்தில் ‘திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்ற ஸ்டுடியோவை நிறுவினார். நிலத்தை விற்றுத்தான் பணம் புரட்டினார். நான்கு லட்சம் ரூபாய் என்று எல்லா நூல்களிலும் ஒரு தொகை வருகிறது. பம்பாயில் ஒரு மௌனப்படம் சில பத்தாயிரம் ரூபாயில் முடிந்த காலம் அது என்பதால், அந்தத் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. சொத்து முழுவதும் கரைந்தது என்பதில் மட்டும் ஐயமில்லை. கதை, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, நாயக வேடம் எல்லாமே அவர். மகன் சுந்தரம் சிறுவனாக நடித்தான். வில்லன் பூதநாதன் வேடத்தில் நடித்த ஜான்சன், பின்னாளில் தமிழிலும் மலையாளத்திலும் புகழ்பெற்ற நடிகை பி.எஸ். சரோஜாவின் தந்தை.

இந்தப் படத்தின் கதையில் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அன்று இந்தியாவில் படமெடுக்க வந்த பெரும்பாலோர் முதலில் கைவைத்தது புராணத்தில். பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் தொடங்கினார். சென்னையில் ஆர். நடராஜ முதலியார் ‘கீசக வதம்’ எடுத்தார். டேனியல் எடுத்ததோ சமூகக் கதை. திருவிதாங்கூரின் பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருவனைப் பூதநாதன் கடத்திக்கொண்டு இலங்கைக்குப் போகிறான். பையன் அங்கே தோட்டக்கூலியாக வளர்ந்து, வெள்ளைக்கார முதலாளியின் நன்மதிப்பைப் பெற்று மேற்பார்வையாளன் ஆகிறான். ஊரிலிருந்து வந்த உறவினன் ஒருவனோடு நட்பாகிறான். இருவரும் ஊர் திரும்புகிறார்கள். முதுகிலிருக்கும் தழும்பு அவன் யாரென்று காட்டிக்கொடுக்கிறது. பிரிந்தவர் சேரும் கதை நாடக மேடையில் பழசுதான். இலங்கைத் தோட்டம் புதுசு. தென்திருவிதாங்கூரிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். எத்தனையோ குடும்பங்களில் ஒருவர் அந்தப் பக்கம் போய்த் தகவலே இல்லாமல் இருந்தார். அந்த மண்ணின் ஏக்கத்தை எடுத்துத்தான் டேனியல் தன் முதல் கதையைக் கட்டினார். முன்னோடி என்ற பட்டத்தைவிட, எதைப் படமாக்கலாம் என்று அவர் தேர்ந்த இந்தத் தேர்வுதான் அவரை எனக்குப் பெரியவராக்குகிறது.

படம் வெளிவந்த தேதி இன்னொரு வழக்கு. திருவனந்தபுரம் கேபிடால் தியேட்டரில் 1928 நவம்பர் 7 என்று பழைய நூல்கள் சொல்கின்றன. 1930 அக்டோபர் 23 என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். இந்த மாதிரிச் சண்டை எல்லா மொழிகளிலும் உண்டு. ‘கீசக வதம்’ 1917ஆ 1918ஆ என்று இன்னும் ஒருமுடிவாகவில்லை. கன்னடத்தில் முதலில் எடுக்கத் தொடங்கிய பேசும் படம் ‘பக்த துருவா’. முதலில் திரைக்கு வந்தது 1934 மார்ச் 3ஆம் தேதி பெங்களூரில் வெளியான ‘சதி சுலோசனா’. ஆகவே எதை முதல் என்பது எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. ‘விகதகுமார’னைப் பொறுத்தவரை எந்தத் தேதியை வைத்தாலும் அதற்கு முன் மலையாளக் கரையில் கதைப்படம் இல்லை, அதனால் அதன் இடம் ஆடுவதில்லை. தேதி முக்கியமாவது வேறொரு காரணத்தால். அன்று மாலை அந்தக் கொட்டகையில் நடந்ததைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்தின் திருவிதாங்கூரை அறிய வேண்டும்.

நாயகி சரோஜினி ஒரு நாயர் பெண். அந்த வேடத்துக்கு டேனியல் முதலில் பம்பாயிலிருந்து லானா என்ற நடிகையை வரவழைத்தார், ஒத்துவரவில்லை. பிறகு கிடைத்தவர்தான் ரோசி. திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் பிறந்தவர், புலையர் சமூகத்தவர், காக்காரிசி என்ற நாட்டார் நாடகத்தில் நடித்துப் பழகியவர். காலையில் மத்தியானச் சோற்றைக் கையோடு எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வருவார், வேலை முடிந்ததும் சாயந்திரம் வீட்டுக்குப் போய்விடுவார் என்று ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. என்னால் தாண்டிப் போக முடியாத செய்தி அது. ஸ்டுடியோவில் நாயர் தறவாட்டுப் பெண்ணாக உடுத்து, நகை பூட்டி, கேமராவின் முன் நிற்கிறவர். கூலிக்குப் போகும் பெண்ணைப் போலச் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து, அதே கூலிப் பெண்ணாகத் திரும்பி நடக்கிறவர். இரண்டுக்கும் இடையிலிருந்த தூரத்தைத்தான் கேபிடாலில் கூடியவர்களால் பொறுக்க முடியவில்லை.

படத்தைத் தொடங்கி வைத்தவர் பெயர்பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை. நாயகிக்கு அந்தக் காட்சியில் உட்கார இடம் தரப்படவில்லை. புலையப் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று கொட்டகையில் கூச்சல் எழுந்தது, திரையின் மீது கல் விழுந்தது. ரோசியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். ஒரு லாரியில் ஏறித் தப்பினார். நாகர்கோவிலில் அந்த லாரி ஓட்டுநரையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில், தன் பழைய வாழ்க்கையைப் பற்றி வாய் திறக்காமல் வாழ்ந்தார். 1988இல் இறந்தார் என்கிறார்கள்.

‘தமிழ்நாட்டுக்குத் தப்பியோடினார்’ என்றுதான் இதை எல்லோரும் எழுதுகிறார்கள். அன்று நாகர்கோவில் தமிழ்நாட்டில் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள், அதே மகாராஜாவின் ஆட்சியில், அதே போலீசின் கீழ் இருந்த ஊர். ரோசி ராஜ்ஜியத்தை விட்டுப் போகவில்லை. அதன் தெற்கு முனைக்கு வந்தார். பேச்சும் பெயரும் சாதி அடையாளமும் மாறியதால்தான் உயிர் பிழைத்தார். எல்லையைத் தாண்டியதும் ஆபத்து விலகியது என்று எழுதும்போது குற்றம் ஒரு பக்கத்துக்கும் அடைக்கலம் மறுபக்கத்துக்கும் போய்ச் சேர்கிறது. நாகர்கோவிலில் அவர் ரோசியாகவே, புலையப் பெண்ணாகவே, சினிமா நடிகையாகவே வாழ்ந்திருக்க முடியுமா என்ற கேள்வியை எங்களூர்க்காரர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1822 தொடங்கி அடிபட்டு, 1859இல்தான் அரச விளம்பரம் பெற்றார்கள். அந்தச் சமூகத்திலிருந்து வந்த டேனியல், உடையே சாதியைச் சொன்ன நாட்டில், ஒடுக்கப்பட்ட பெண்ணுக்கு மேல்சாதி உடை உடுத்திக் கேமராவின் முன் நிறுத்தினார். அதை அவர் போராட்டமாக நினைத்துச் செய்தாரா, நடிக்க வேறு ஆள் கிடைக்காமல் செய்தாரா என்பதற்குச் சான்று கிடையாது. எப்படிச் செய்திருந்தாலும் விளைவு ஒன்றுதான். ஒடுக்கப்பட்டவர்களைக் கோயிலுக்குள் விட்ட ஆலயப் பிரவேச விளம்பரம் வரவே 1936 ஆக வேண்டியிருந்தது.

ரோசி நடித்த படச்சுருள் ஒரு அடிகூட மிஞ்சவில்லை. வீட்டிலிருந்த சுருளைச் சிறுவனாக இருந்தபோது விளையாட்டாக எரித்ததாக டேனியலின் இளைய மகன் பின்னாளில் வருத்தத்தோடு சொன்னார். நைட்ரேட் சுருள் தீக்குச்சி பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். சிறுவனுக்கு அது வாணவேடிக்கை. பத்திரப்படுத்தினாலும் ஈரக்காற்றில் பிசுபிசுத்துப் பொடியாகிவிடும் சரக்கு அது. இந்தியாவில் எடுத்த ஏறத்தாழ 1,300 மௌனப்படங்களில் முப்பதுக்கும் குறைவானவைதான் முழுதாகவோ துண்டாகவோ இன்று இருக்கின்றன.

அந்தச் சிலவற்றில் ஒன்று நாகர்கோவில்காரர் எடுத்தது. சுந்தர்ராஜ் ‘ராஜேஸ்வரி ஃபிலிம்ஸ்’ என்ற பெயரில், பி.வி. ராவ் இயக்கத்தில், சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்ட வர்மா’ நாவலைப் படமாக்கினார். 1891இல் வெளிவந்த அந்த நாவல் வேணாட்டு அரியணைக்கு நடந்த போட்டியைச் சொல்வது. அதில் வரும் பத்மநாபபுரமும் சாரோட்டுக் கொட்டாரமும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கின்றன. தங்கள் ஊர்க் கதையைத்தான் சுந்தர்ராஜ் எடுத்தார். ஆனால் நாவலின் உரிமை கமலாலயா புக் டிப்போவிடம் இருந்தது. அனுமதி வாங்காமல் எடுத்தார் என்று பதிப்பகம் வழக்குப் போட்டது. 1933இல் கேபிடாலில் திரையிட்ட சில நாளிலேயே படம் முடக்கப்பட்டுச் சுருள் பதிப்பகத்தின் கைக்குப் போனது. நாவலைப் படமாக்கியதற்காக இந்தியாவில் எழுந்த முதல் பதிப்புரிமை வழக்கு என்று இதைக் குறிப்பிடுகிறார்கள். சுந்தர்ராஜ் போட்ட பணமெல்லாம் போயிற்று.

அந்த வழக்குத்தான் படத்தைக் காப்பாற்றியது. ஊர் ஊராக ஓடியிருந்தால் கீறி, அறுந்து, கடைசியில் வெள்ளிக்காக உருக்கப்பட்டிருக்கும். முடங்கிக் கிடந்ததால் நாற்பது வருடம் பதிப்பகத்தின் கிடங்கில் தப்பியது. 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பி.கே. நாயர் அதை மீட்டுப் புனேவுக்குக் கொண்டுபோனார். தென்னிந்திய மௌனப்படங்களில் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்திருக்கும் ஒரே படம் இதுதான். மேடை நாடகத்தின் பாணி நடிப்பில் தெரிகிறது. வாட்சண்டைகளில் மட்டும் படத்துக்கு உயிர் வந்துவிடுகிறது; டேனியலின் காலத்திலிருந்தே இந்த வட்டாரத்துக்குச் சினிமாமேல் இருந்த ஆசை அதுதானே. விளக்க அட்டைகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருப்பதால் இது மலையாளப் படம் என்று வகைப்படுத்தப்பட்டது. அட்டைகளை நீக்கிவிட்டால் அதை எந்த மொழியில் சேர்ப்பது என்று யாராலும் சொல்ல முடியாது.

பேசும் படம் வந்ததும் நிலைமை மாறியது. மொழி இப்போது சுருளிலேயே பதிந்தது. படம் எடுக்கும் இடத்தை மட்டும் மொழி தீர்மானிக்கவில்லை, முதலும் ஸ்டுடியோவும் தீர்மானித்தன. 1938 ஜனவரியில் வந்த ‘பாலன்’ ஏ. சுந்தரத்தின் ‘விதியும் மிஸிஸ் நாயரும்’ என்ற கதையிலிருந்து கிளைத்தது. எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், முதல் போட்டவர் டி.ஆர். சுந்தரம், இயக்கியவர் எஸ். நொட்டானி. வசனமும் பாட்டும் முதுகுளம் ராகவன் பிள்ளை. தமிழ் முதலாளியின் பணத்தில், மலையாளி அல்லாத இயக்குநரின் கையில், நாகர்கோவில்காரரின் கதையிலிருந்து மலையாளத்தின் முதல் பேச்சு பிறந்தது. ஆலப்புழையில் உதயா ஸ்டுடியோ எழும்பும்வரை மலையாளப் படங்கள் பெரும்பாலும் சேலத்திலும் சென்னையிலும்தான் உருவாயின.

கன்னடத்துக்கும் இதே கதைதான் என்பதால் இது மலையாளத்தின் தனிக்குறை இல்லை. ‘சதி சுலோசனா’வுக்கு முதல் போட்டவர் மார்வாடி வியாபாரியான சமன்லால் டூங்காஜி. படம் பிடித்த இடம் மராட்டியக் கோலாப்பூர். இயக்கியவர் நெல்லூர்க்காரரான ஒய்.வி. ராவ். இவரே மூன்று வருடம் கழித்துத் தமிழில் தியாகராஜ பாகவதரின் ‘சிந்தாமணி’யை எடுத்துத் தமிழ்நாட்டையே கொள்ளை கொண்டார். நடித்தவர்கள் மட்டும் சுப்பையா நாயுடு, ஆர். நாகேந்திர ராவ் என்று கன்னட மேடையிலிருந்து வந்தார்கள். கன்னடத்தின் முதல் சமூகப்படமான ‘சம்சார நௌகா’வை எச்.எல்.என். சிம்ஹா 1936இல் எடுத்தது சென்னையில். அதில் நடித்த பி.ஆர். பந்துலுதான் பின்னாளில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘கப்பலோட்டிய தமிழன்’ எடுத்தவர். மைசூர் ராஜ்ஜியமும் திருவிதாங்கூர் போல அரசர் ஆண்ட நாடு. பெங்களூரில் சூர்யா ஃபிலிம் கம்பெனி மௌனப்பட நாளில் படம் படமாக எடுத்துத் தள்ளியது. ஆனாலும் ஒலி வந்ததும் தொழில் வெளியே போயிற்று. அந்தப் படங்களும் பெரும்பாலும் இன்று இல்லை. கர்நாடகம் தன் தொடக்கத்தை எழுதும்போது ராவையும் டூங்காஜியையும் மறைப்பதில்லை. குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனிக்குக் கொடுக்கும் இடத்தையும் குறைப்பதில்லை. கேரளமும் தமிழ்நாடும் தென்திருவிதாங்கூரைப் பற்றி அவ்வளவு தாராளமாக எழுதியதில்லை.

தமிழ்ப் பக்கம் போனவர்களில் பெரியவர் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன், வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர், டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் சேர்ந்து 1935இல் ‘மேனகா’வில் திரைக்கு வந்தார். அவரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். டேனியலும் சுந்தர்ராஜும் வடக்கே போய் முதலை இழந்த அதே சில வருடங்களில் கலைவாணர் கிழக்கே போய் ஜெயித்தார். இவருடைய முதல் கலைதான், பணம் அல்ல. இவருக்குக் கம்பெனி நாடகம் என்ற ஏற்பாடு பின்னால் இருந்தது. மதுரையிலும் சென்னையிலும் சந்தை இருந்தது. திருவனந்தபுரத்தில் அன்று அப்படி எதுவும் இல்லை. தனியாள் நிலத்தை விற்று நடத்தும் தொழிலாக இருந்தவரை அங்கே சினிமா நிற்கவில்லை.

டேனியல் பல் மருத்துவம் படித்துப் பாளையங்கோட்டை, மதுரை, காரைக்குடி என்று தொழில் பார்த்தார். பி.யு. சின்னப்பாவோடு ஏற்பட்ட பழக்கத்தில் மறுபடி படமெடுக்கப் போய்க் கையிலிருந்ததையும் விட்டார். அகஸ்தீஸ்வரத்தில் வறுமையிலும் நோயிலும் கிடந்தவரைச் சினிமா பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் தேடி வந்து எழுதினார். உதவித்தொகை கேட்டபோது, தமிழ்நாட்டில் வசிப்பவருக்குக் கேரளம் எப்படிக் கொடுக்கும் என்று பதில் வந்தது. ஊர் மாறவில்லை. 1956இல் கோடு மாறியிருந்தது. 1975 ஏப்ரல் 27ஆம் தேதி அவர் இறந்தார். 1992இலிருந்து கேரள அரசு தன் உயர்ந்த திரை விருதை அவர் பெயரில் கொடுக்கிறது. 2013இல் மலையாள இயக்குநர் கமல் எடுத்த ‘செல்லுலாய்ட்’, வினு ஆபிரகாமின் நாவலைத் துணைக்கொண்டு டேனியலையும் ரோசியையும் மறுபடி பேசவைத்தது. தமிழ்நாட்டில் ரோசியின் பெயரைத் தூக்கிப் பிடித்தது அரசு அல்ல, பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம். அவர் பெயரில் திரைப்பட விழாவே நடத்துகிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியது ஆய்வு வேலை. இதுவரை எழுதப்பட்டதில் பெரும்பகுதி சேலங்காட்டின் எழுத்தையும் குடும்ப நினைவுகளையும் சார்ந்தது. டேனியல் பிறந்த வருடத்தைத் தீர்க்க நெய்யாற்றின்கரை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்ட வேண்டும். நான்கு லட்சம் உண்மையா என்று பார்க்க நில விற்பனைப் பத்திரங்கள் பத்திரப்பதிவு அலுவலகங்களில் இருக்கும். கிரய ஆவணத்தை விடப் பேசும் சாட்சி வேறில்லை. கமலாலயா வழக்கின் தீர்ப்பு யாருக்கும் எட்டாத பொருள் அல்ல. தென்திருவிதாங்கூரில் 1930களில் ஓடிய டூரிங் கொட்டகைகளின் உரிமப் பதிவுகள் கிடைத்தால், ‘விகதகுமாரன்’ நாகர்கோவிலுக்கு வந்ததா, வந்தபோது இங்கே யார் கல்லெறிந்தார்கள், யார் கைதட்டினார்கள் என்பதும் தெரியவரும். அந்தப் பதிவுகளில் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் இருக்கும். இரண்டையும் படிக்கத் தெரிந்த ஆய்வாளர்கள் நாகர்கோவிலில்தான் அதிகம்.